ஜன்னலில் ஊறிய நெல்லிக்காய்

ரமணம்மா வாசலில் வந்து நின்றபோது என் இடது கையில் ஒரு கண்ணாடி சீசா, வலது கையில் பிரஷ். சீசாவின் வயிற்றில் நட்சத்திரம் ஒன்றைப் பாதி வரைந்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

"ஏம்மா எஸ்தரு, சீசா எப்ப இஸ்தாவு, எப்ப திரும்பத் தருவே? நெல்லிக்கா வாங்கிட்டேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எந்த சீசா?"

"நீ கையில புடிச்சிக்கினு கீறியே, அதேதான்."

ரமணம்மா எங்கள் எதிர் வீடு. நகரிப் பக்கத்துக்காரி. தமிழில் ஏறித் தெலுங்கில் இறங்குவாள். திருப்பதியில் இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பழக்கம். அவள் வீட்டு ரசம் தினமும் தெருவைக் கடந்து இங்கே வரும். சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் எங்கள் வீட்டுக் கறிக்குழம்பு அங்கே போகும்.

"நீதானே எனக்குக் குடுத்தே?" என்றேன்.

"குடுத்தேன். யூஸ் பண்ணிக்கோன்னு குடுத்தேன். வெச்சிக்கோன்னு எப்ப சொன்னேன்?"

கேட்டுவிட்டு, நட்சத்திரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய்விட்டாள். பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டம்மா வந்தார். சாயங்காலத்துக்குள் ஏழு பேர். மறுநாள் முழுத் தெருவும் வந்து கேட்டுவிட்டது. எல்லோர் வீட்டிலும் நெல்லிக்காய்.

இந்தப் பக்கங்களில் என்னை முதன்முறையாகச் சந்திப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் அசிஸ்டெண்ட். இருபத்தாறு வருடமாகக் கண்ணாடியைக் கழுவுவதும் காயவைப்பதும் உடைந்ததற்குப் பதில் சொல்வதும்தான் வேலை. கண்ணாடியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. இப்போதும் இருக்கிறது. அந்தக் கிறிஸ்துமஸில் மட்டும் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

முறை வந்தது

நான் பிறந்த ஊரான சித்தூரில் எங்கள் சபை பழைய மிஷன் காலத்துச் சபை. சுவர் ஒன்றரை முழக் கனம். கிறிஸ்துமஸுக்குக் கோயிலை ஜோடிப்பது எங்கள் ஊரில் கமிட்டி வேலை இல்லை, வீட்டு முறை. ஒவ்வொரு வருடமும் ஒரு குடும்பம். பட்டியல் நீளமானது. ஒரு வீட்டுக்கு வந்த முறை மறுபடி வருவதற்குள் பிள்ளைகள் பெரியவர்களாகிப் பேரப்பிள்ளைகளும் வந்துவிடும்.

எங்கள் நைனா, அதாவது அப்பா, மிஷன் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தார். அந்தப் பட்டியலில் முன்பெல்லாம் வாத்தியார் வீடுகள், குமாஸ்தா வீடுகள், கம்பவுண்டர் வீடு, அவ்வளவுதான். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு நல்ல ஐயர் வந்தார். (வெளியாருக்கு: எங்களில் போதகரை ஐயர் என்போம்.) அவர்தான் எல்லா வீட்டையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். சேர்த்த புதிதில் முதல் முறை எங்களுக்கு.

நைனா மூன்று மாதம் அதே நினைப்பாக இருந்தார். கலர் கிரேப் காகிதம் வாங்கிவந்து, சிவப்பும் பச்சையுமாக வெட்டி, முறுக்கி, வீடு முழுக்கக் கொடி கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். அம்மா, நான், தங்கை எல்லோர் விரலிலும் பசை. பண்டிகைக்கு முதல் நாள் ஏணி போட்டு, உத்தரத்துக்கு உத்தரம் அவரே கட்டினார். நாங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். அவ்வளவு அழகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விடியற்கால ஆராதனைக்கு ஊரே புதுத் துணியில் வந்து உட்கார்ந்தது. அப்போது மழை பிடித்தது.

சாயத்தார் வீடு

ஓட்டுக்கூரை. எங்கே ஒழுகும் என்று கோயிலுக்கே தெரியாது. தண்ணீர் உத்தரத்தில் இறங்கி, காகிதக் கொடியில் ஏறி, கொடி போகிற பக்கமெல்லாம் போயிற்று. சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் சொட்ட ஆரம்பித்தது. ஐயரின் வெள்ளை அங்கி ரோஸ் ஆனது. டேவிட் மாமாவின் புது வெள்ளைச் சட்டையில் முதுகு பூராவும் பச்சை.

டேவிட் மாமா அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார், சபையில் மூப்பர். நாக்கு நீளம். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், படியில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி ஒரு பெயர் வைத்தார்: சாயத்தார் வீடு.

அந்தச் சாயம் துணியிலிருந்து போய்விட்டது. எங்கள் பெயரிலிருந்து போகவில்லை. கடையில் சாயத்தார் வீடு, கல்யாணத்தில் சாயத்தார் வீடு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே யாரோ, "சாயத்தார் ஊட்டுப் பொண்ணா? தண்ணி பட்டாலும் நெறம் நிக்குமான்னு பாத்துக்கோங்க" என்று சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளை ஜெயராஜ், நிக்கும் என்று நம்பி என்னைக் கட்டிக்கொண்டார். இன்றுவரை அவரிடமிருந்து புகார் இல்லை.

நைனா சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் இரண்டு விஷயம் மாறியது. முன்னால் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தவர், ஓரத்து ஜன்னலடிப் பெஞ்சுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவர் வெள்ளைச் சட்டை போடவில்லை. காப்பிப்பொடி நிறத்தில் ஒரு சட்டை. பழசானால் அதே நிறத்தில் இன்னொன்று.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அது புரியவில்லை. புரிந்த பிறகு எனக்கு டேவிட் மாமா மேல் வந்த கோபம் சாதாரணமானதல்ல. ஜெபத்தில்கூட அவர் பெயரைத் தாண்டிப் போய்விடுவேன்.

ரமணம்மா சீசா கேட்ட வருடம்தான் எங்கள் வீட்டு முறை மறுபடி வந்தது. நைனாவுக்கு எண்பத்தொன்று. "வேணாம்மா, அடுத்த ஊட்டுக்குத் தள்ளி உட்டுடலாம்" என்றார்.

"நான் செய்யறேன் நைனா. நீங்க வெள்ளைச் சட்டை போட்டுக்கினு வந்து உக்காருங்க, போதும்" என்றேன். அன்றைக்கே கடைக்குப் போய் சட்டையையும் வாங்கிவிட்டேன். வெள்ளை என்றால் கண் கூசும் வெள்ளை.

மாடி நிறைய சீசா

என்ன வைத்து ஜோடிப்பது என்பதில் எனக்கு ஒரு நிமிடமும் குழப்பமில்லை. காகிதம் வேண்டாம், துணி வேண்டாம். கண்ணாடி. எந்த மழைக்கும் சாயம் போகாது. பழைய சீசாக்களைச் சேர்த்து, உள்ளே சீரியல் பல்பு போட்டு, உத்தரத்தில் தொங்கவிட்டு, ஜன்னல் திட்டுகளில் வரிசையாக அடுக்கினால் கோயிலே விளக்காகிவிடும்.

ஜெயராஜுக்கு ஒரு ஓட்டலில் ஸ்டோர் வேலை. ஜாம் சீசா, காப்பித்தூள் சீசா என்று முப்பது அங்கிருந்து வந்தது. மீதி முப்பதை எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கினேன். எல்லோரும் சந்தோஷமாகத்தான் கொடுத்தார்கள்.

சோடா உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்தால் லேபிள் வழண்டு வரும். மிச்சமிருக்கும் பசைக்குத் தேங்காய் எண்ணெய். கழுவி மொட்டை மாடியில் கவிழ்த்துவிட்டால் கண்ணாடி ஒரு மணி நேரத்தில் சுத்தம். மூடிகள்தான் சொன்ன பேச்சு கேட்காது. நாலு நாள் வெயிலுக்கும் அந்த மூடிகளில் போன வருடத்துப் பூண்டும் நல்லெண்ணெயும் அப்படியே மணத்தன. மாடிக்குத் துணி காயப்போடப் போனாலே சாதம் பிசைந்து துன்னத் தோன்றும்.

ஆனால் தெரு மறுபடி வாசலுக்கு வந்தபோதுதான் என் புத்திக்கு எட்டியது. ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டுக்குப் போனால் திரும்பி வரவேண்டும். வெறுமனே வரக்கூடாது. ஒரு சிட்டிகை சர்க்கரையாவது இருக்கவேண்டும். இது எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லித்தராத சட்டம். என் அம்மாவும் வெறும் தம்ளரைத் திருப்பித் தந்ததில்லை. நானும் அப்படியே வளர்ந்தவள்தான். சீசா கடையில் வந்தது, காலியானால் குப்பை என்று நினைத்தது லேபில் வேலை பார்த்த புத்தி. அந்த வீடுகளில் சீசா என்பது பாத்திரம். மாங்காய்க்கு ஜாடி, நெல்லிக்காய்க்கு சீசா. பிளாஸ்டிக்கில் போட்டால் வாடை ஏறிவிடும்.

கேட்ட முப்பதையும் திருப்பிக் கொடுத்தால் ஜன்னல்கள் காலி. கொடுக்காவிட்டால் தெருவில் யார் முகத்திலும் விழிக்க முடியாது. சாயத்தார் வீட்டுக்காரி ஊரான் சீசாவை அமுக்கிக்கொண்டாள் என்று இன்னொரு பெயரும் சேரும்.

அன்று இரவு சீசாக்களை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். காலையில் எழுந்து பிளேடை எடுத்து ரமணம்மா சீசாவின் பாதி நட்சத்திரத்தைச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட எரிச்சல் ஏறியது. சுத்தமானதும் அவள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் முறத்தில் நெல்லிக்காயைப் பரப்பி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் முறத்தில் விழுந்திருந்தது. காயெல்லாம் உள்ளே வெளிச்சம் வைத்ததுபோல் பச்சையாக, கண்ணாடியாக இருந்தன.

அங்கேயே நின்றுவிட்டேன்.

"ரமணம்மா, இது எத்தினி நாள் உப்புத் தண்ணியில ஊறணும்?"

"மூணாம் நாள் ஒரு தபா கலக்கணும். அப்புறம் பத்து நாள் ஊறினாலும் நல்லதுதான். ஏன்?"

"உன் கிச்சன்ல ஊறினா இன்னா, எங்க சர்ச்சு ஜன்னல்ல ஊறினா இன்னா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். தெருவுக்கு அவளே போய்ச் சொன்னாள்: எஸ்தரு சீசாவை வெறுமனே தரமாட்டாள், ஊறுகாயாகத் தருவாள் என்று. பண்டிகை முடிந்த மறுநாள் அத்தனையும் அவரவர் வீட்டில். யாரும் மறுக்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மஞ்சள் கூடாது. வெறும் உப்புத் தண்ணீர். என் வீட்டு விஷயத்தில் நிறம் என்ற பேச்சே வரக்கூடாது.

"மஞ்சள் இல்லாம ஊறுகாயா? பூஞ்ச புடிக்கும்" என்றாள்.

"பத்து நாள்ல ஒண்ணும் புடிக்காது. நான் கெமிஸ்ட்ரி."

"சரிம்மா, கெமிஸ்ட்ரி" என்றாள். அந்தச் சரியை நான் நம்பினேன்.

தெருவே சேர்ந்து செய்த சதி

சித்தூருக்கு டிராலி ஆட்டோவில் ஏற்றி வந்தோம். ஒவ்வொரு சீசாவையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். கோயிலில் வைத்துப் பிரித்தேன். முதல் சீசா மஞ்சள். இரண்டாவது மஞ்சள். முப்பதும் மஞ்சள்.

போனில் நான் கத்திய கத்தலுக்குக் கோயில் புறாக்கள் பறந்தன. ரமணம்மா நிதானமாக, "மஞ்சள் போடாம சாமி வீட்டுக்கு யாரும்மா அனுப்புவாங்க?" என்றாள். என் சாமியா, உன் சாமியா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆத்திரத்தோடு ஒரு சீசாவை ஜன்னல் திட்டில் வைத்து, பின்னால் சீரியல் பல்பைப் போட்டுப் பார்த்தேன். பொன். வேறு வார்த்தை இல்லை. உள்ளே பச்சைக் காய்கள், சுற்றிலும் பொன் தண்ணீர். என் பெயின்ட் நட்சத்திரங்களை அதன் பக்கத்தில் வைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆனாலும் நான் ஏமாளி இல்லை. ஒவ்வொரு சீசாவையும் வெள்ளைக் கைக்குட்டைமேல் ஐந்து நிமிடம் தலைகீழாக நிறுத்தினேன். முப்பது மூடியையும் சோதித்தேன். கைக்குட்டையில் ஒரு புள்ளி இல்லை. பிறகுதான் ஜன்னல்களில் ஏற்றினேன். சீசாக்களில் பெரியது ரமணம்மாவுடையது. அதை நைனா உட்காரும் ஜன்னலுக்குக் கொடுத்தேன்.

காய் உப்பில் விழுந்த மூன்றாம் நாள், பண்டிகைக்கு முந்தின மத்தியானம், ரமணம்மாவே வந்து இறங்கினாள். கையில் ஈரம் படாத மரக்கரண்டி. "காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பாக்கப் போனேன், அப்படியே வந்தேன்" என்றாள். பொய். ஊறுகாயைக் கலக்க வந்தவள். நான் உத்தரத்தில் கம்பி கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்க, அவள் முப்பது சீசாவையும் திறந்து, கலக்கி, மூடினாள். ராத்திரி எங்களோடு நைனா வீட்டிலேயே தங்கினாள். காலையில் எங்களுக்கு முன்னால் குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு சொட்டு

நைனா வெள்ளைச் சட்டையை மூன்று தரம் போட்டுக் கழற்றினார். "இது எனக்கு ஒத்து வராதும்மா" என்றார். நானே பட்டன் போட்டுவிட்டேன்.

ஐந்து மணி ஆராதனை. வெளியே இருட்டு. எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் டியூப் லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு நான் சுவிட்சைப் போட்டேன். உத்தரத்தில் முப்பது, ஜன்னல்களில் முப்பது. கோயில் முழுவதும் ஒரு மூச்சு உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. டேவிட் மாமா மூன்றாவது பெஞ்சிலிருந்து கழுத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிரசங்கம் பாதியில் இருக்கும்போது நைனாவின் தோளில் ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்த்தேன்.

பிறகு இன்னொன்று. கண்ணை மேலே ஓட்டினேன். ரமணம்மா தன் சீசாவுக்கு மட்டும் மூடி போடவில்லை. ஊறுகாய் மூச்சு விட வேண்டுமாம். சீசாவின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தாள். துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் முனை வெளியே, ஜன்னல் திட்டுக்கும் கீழே, தொங்கிக்கொண்டிருந்தது. துணி உள்ளே குடித்து வெளியே சொட்டும். இதை ஒரு முகவையும் ஒரு துண்டுத் துணியும் வைத்து வருடா வருடம் லேபில் செய்து காட்டுகிறவள் நான்தான்.

எழுந்து போனால் எல்லோரும் அங்கேயே பார்ப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சு பார்த்தது. அதற்கடுத்த பெஞ்சு பார்த்தது. சலசலப்பில் ஐயர் பிரசங்கத்தை நிறுத்தினார். அந்த வெள்ளைச் சட்டையில் அதற்குள் உள்ளங்கை அகலம் மஞ்சள். முப்பது வருடத்துக்கு மேலாக நான் அழிக்க நினைத்ததை நானே தேடிப்பிடித்து நைனாவின் தோளில் கொண்டுவந்து விட்டேன் என்றுதான் பட்டது.

டேவிட் மாமா திரும்பிப் பார்த்தார். அவருக்கு வயதாகியும் அந்த நாக்குக்கு வயதாகவில்லை.

"ஆரம்பிச்சிட்சிப்பா, சாயத்தார் ஊட்டு சாயம்" என்றார்.

நைனா தோளைப் பார்த்தார். மேலே சீசாவைப் பார்த்தார். பிறகு, அவசரமே இல்லாமல், அந்த மஞ்சளை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"சாயம் இல்ல டேவிட்டு" என்றார். "ஊறுகா. உப்பு கரெக்டா கீது. காரம்தான் இல்ல."

கடைசி வரிசையிலிருந்து ரமணம்மா, தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்து, எழுந்து நின்று கத்தினாள்: "இன்னும் தாலிம்பு பெட்டலேது, தாளிக்கவே இல்ல நைனா! காரம் அப்புறம்தான் போடணும்!"

கோயில் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. ஐயர் பைபிளால் முகத்தை மூடிக்கொண்டார். டேவிட் மாமாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அவர் பெயர் வைத்து ஊர் சிரித்த காலம் உண்டு. அன்றைக்கு எங்கள் நைனா பேசி அவர் சிரித்தார். நான் அழுதேன். இதை மறைத்து எழுத ஒன்றுமில்லை.

மறுநாள் முப்பது சீசாவும் திருப்பதிக்குத் திரும்பின. இருபத்தொன்பது, அவரவர் வீட்டுக்கு. ரமணம்மா தன்னுடையதைத் தாளித்து, காரம் போட்டு, நைனாவுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள்.

சட்டையை வாங்கிக்கொண்டு வந்து துவைக்கலாம் என்று பார்த்தேன். மஞ்சள்மேல் சோப்பு பட்டால் சிவக்கும். ஆனால் நாலு நாள் நல்ல வெயிலில் போட்டால் தானாக வெளுத்துவிடும். அதைச் சொல்லித்தான் கேட்டேன். நைனா கொடுக்கவில்லை.

புத்தாண்டு ஆராதனைக்கு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தோளில் மஞ்சள் அப்படியே இருந்தது. ஜன்னலடிப் பெஞ்சில் அவருக்காக இடம் விட்டு வைத்திருந்தேன். அதைப் பார்க்காத மாதிரி தாண்டி, நடு வழியில் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். மூன்றாவது பெஞ்சுக்கு வந்ததும் நின்றார்.

"கொஞ்சம் நவுந்து உக்காரு டேவிட்டு" என்றார்.

டேவிட் மாமா நகர்ந்தார்.